இரண்டடிச் சறுக்கு

மேனாம்பேட்டில் என் வீட்டெதிரே ஆட்டோ நிறுத்துபவர் அவர். ஒல்லி உடம்பு, தொளதொளத்த காக்கிச் சட்டை. கார் ஏற நான் தெருவோரத்தை மறித்துக் கட்டிய சிமெண்ட் சறுக்கைச் சுற்றி, பள்ளிப் பிள்ளைகள் சாலையில் இறங்கி நடப்பார்கள். தினமும் அவ்வேளையில் அவர் இரு கைகளையும் விரித்து வண்டிகளை நிறுத்துவார்.

"இத்த ரெண்டடி இட்ச்சுடு நைனா. புள்ளைங்கோ நடுரோட்ல போவுதுங்கோ."

"அப்புறம் என் கார் எப்படிப்பா ஏறும்?" என்றேன்.

ஒரு காலையில், பிள்ளைகளை மறைத்து நின்றவரின் காலில் தண்ணீர் லாரி ஏறியது. அதன் பிறகே சறுக்கை இடித்தேன்.

பல மாதம் கழித்து ஊன்றுகோலுடன் வந்தவர், இடித்த இடத்தையே பார்த்தார்.

"இப்ப காரு எப்டி நைனா ஏறும்?"

அந்தக் குரலில் துளியும் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.