குரல்வளை போன பிறகு வந்த குரல்

1. பலகை மாட்டிய நாள்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஸ்பீச் தெரபிஸ்டாகச் சேர்ந்தேன். அப்படி ஒரு வேலை இருப்பதே அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. முதல் நாள் அட்டெண்டர் என் அறை வாசலில் ‘பேச்சுப் பயிற்சி’ என்று பெயிண்டில் எழுதிய பலகையை மாட்டினார். பெயிண்ட் காய்வதற்குள், தோளில் கட்சித் துண்டு போட்ட ஓர் இளைஞர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, வார வாரம் கூட்டம் போடுதோம். மைக்குக்கு முன்னால நின்னா காலு நடுங்குது. இங்கன பேசப் பழக்குவீகளாமே?”

இது அந்தப் பேச்சு இல்லை என்று விளக்கி அனுப்பினேன். எங்கள் பிரிவுத் தலைவரான டாக்டருக்கு ஒரே சிரிப்பு. “தேடி வந்த மொத ஆளையே திருப்பி அனுப்பிட்டீங்களே, ஓ.பி. கணக்கு எப்படிம்மா ஏறும்?” என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த வயது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்வார்கள்.

2. சோடா வைத்தியம்

சவரிமுத்து அண்ணாச்சி திரேஸ்புரத்துக்காரர். சங்கு குளிப்பவர். மூச்சை அடக்கி மூழ்கி, கடல் தரையில் கிடக்கும் சங்கைப் பொறுக்கி மேலே வரும் வேலை. தொண்டையில் புற்றுநோய் வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்திருந்தார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். அதற்குள் தண்ணீர் புகுந்தால் உயிர் தப்பாது என்பதால், இனிமேல் அவர் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கவே கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர், சிலேட்டைக் கொடுத்தும் பயனில்லை.

அவருக்காக அவர் மனைவி அந்தோணியம்மாள் பேசினார்.

“டீச்சர், சம்மாட்டி மனசு வச்சிருக்காரு. வள்ளம் கரைக்கு வந்ததும் ஆளுவள ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிட்டு, சங்க வாங்கிக் கொட்டகையில வைக்கணும். பேச்சு வந்தா அந்த வேல இவுகளுக்கு. இல்லன்னா மழ விட்டு சங்கு குளி தொடங்குமுன்ன வேற ஆளு போட்டிருவேன்னு சொல்லுதாரு. சம்மாட்டியையும் குத்தம் சொல்ல முடியாது, வள்ளம் அவரோடது. இவுகளுக்கு இத விட்டா வேற என்ன வேல தெரியும்?”

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற பார்வை.

குரல்வளை இல்லாதவரும் பேசலாம். கொஞ்சம் காற்றை உணவுக்குழாயின் மேல் பகுதிக்கு அனுப்பி, உடனே அதை ஏப்பம் போல வெளியே விட வேண்டும். அந்த ஏப்பத்தை வாயும் நாக்கும் சொல்லாக்கும். ஏப்பம் எளிதாக வர சோடா குடிக்கச் சொல்வது அன்றைய வழக்கம். எதிர்க்கடையிலிருந்து கோலி சோடா வந்துகொண்டே இருந்தது. கடைக்கார அண்ணாச்சி, “உங்க ஆசுபத்திரியில அப்படி என்னதான் விருந்து நடக்கு?” என்று அட்டெண்டரிடம் கேட்டாராம்.

சோடா போனது. பேச்சு வரவில்லை.

“காற்றை உள்ளே எடுங்கள்” என்று நான் சொன்னதும் அண்ணாச்சி துளை வழியாக நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார், வாயை இறுக்கி மூடுவார், அப்படியே சிலையாக நிற்பார். கழுத்து நரம்பெல்லாம் விறைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் வாயோ தொண்டையோ திறந்தால் சாவு என்று சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு. நான் திற என்கிறேன், அது பூட்டிக்கொள்கிறது. என் பாடப்புத்தகத்தை எழுதியவர்கள் யாரும் சங்கு குளிப்பவரைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

“சிலருக்கு வராதும்மா. ஃபெயிலியர்னு போட்டு டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க” என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. முடியாது சார் என்று சொல்லிவிட்டேன்.

3. காது அடைப்பு

அந்த வாரம் எனக்குக் கடுமையான ஜலதோஷம். காது இரண்டும் அடைத்துப் போய், அந்தோணியம்மாள் சொல்வது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. காதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கையை ஆட்டி என்னை நிறுத்தினார். தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, உள்ளுக்குள் எதையோ ஒரு தள்ளு தள்ளிக் காட்டினார்.

அந்தோணியம்மாள் விளக்கினார். “ஆழத்துக்குப் போவயில காது வலிக்கும்லா. மூக்கப் பிடிச்சிக்கிட்டு நாக்கால பின்னால ஒரு தள்ளு தள்ளுவாக. சட்டுனு வலி விட்டிரும். அப்படிச் செய்யுங்கன்னு சொல்லுதாக.”

“இன்னொரு தடவை செய்யுங்க அண்ணாச்சி” என்றேன்.

தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தேன். கழுத்து தளர்வாக இருந்தது. நாக்கு மட்டும் அண்ணத்தில் அழுந்தி, வாயில் இருந்த காற்றைப் பின்பக்கமாகத் தள்ளியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காற்றை உணவுக்குழாய்க்குள் செலுத்த எங்கள் தொழிலில் இஞ்ஜெக்‌ஷன் முறை என்று ஒன்று உண்டு. நாக்கால் அழுத்திக் காற்றை உள்ளே தள்ளும் முறை. கஷ்டமானது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். இந்த மனிதரோ ஆயுள் முழுக்க அதைத்தான் கடலுக்கடியில் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

“அண்ணாச்சி, மூச்சு இழுக்க வேண்டாம். கடலை மறந்திருங்க. இதே தள்ளுதான். காதுக்கு அனுப்பாம, சோறு எறங்குற வழிக்கு அனுப்புங்க. அனுப்பினதும் ‘பா’ன்னு சொல்லுங்க.”

மூக்கைப் பிடித்தார். தள்ளினார். ஒன்றுமில்லை. மறுபடி தள்ளினார். கரகரவென்று, கதவுக் கீல் முனகுவது போல, ‘பா’ வந்தது.

“சேசுவே!” என்று அந்தோணியம்மாள் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். நான் வராந்தாவில் ஓடினேன். டாக்டரை அறையிலிருந்து இழுத்துவராத குறை. அண்ணாச்சி அவர் முன்னால் இன்னொரு ‘பா’ சொன்னதும், “டிஸ்சார்ஜ் வேண்டாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததெல்லாம் உழைப்பு. ப, த, க எழுத்துகளில் வாய்க்குள் அழுத்தம் கூடும், காற்று தானே உள்ளே போகும். ஆங்கிலப் புத்தகத்தின் சொற்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு கப்பல், தட்டு, பாட்டு என்று நானே சொற்களைச் சேர்த்தேன். மூக்கைப் பிடிப்பதும் மெல்ல நின்றது. அடுத்தது, அவர் கரையில் கூப்பிட வேண்டிய பெயர்கள். பிச்சை, காசிம், தொம்மை எல்லாம் சீக்கிரம் வந்தன. மிக்கேல்தான் உயிரை வாங்கினான். ம என்ற எழுத்தில் தொடங்கினால் காற்று மூக்கு வழியாகத் தப்பித்துவிடும்.

4. கரையில்

குளி தொடங்கிய அன்று லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். அறைக்குள் நன்றாகக் கேட்ட குரல், அங்கே வீசிய காற்றில் என்ன ஆகுமோ என்று கவலையாக இருந்தது. சம்மாட்டி கையைக் கட்டிக்கொண்டு கொட்டகை ஓரமாக நின்றார். வள்ளங்கள் வந்து சேர்ந்தன.

“காசிம்” என்றார் அண்ணாச்சி.

தண்ணீரோரம் நின்ற காசிம் நிமிர்ந்து பார்த்து, சங்குக் கூடையோடு வந்தான். அடுத்து பிச்சையைக் கூப்பிட்டார். பிச்சை வருவதற்குள் மிக்கேல் கூடையை முன்னால் நகர்த்தினான்.

“ஏலே மிக்கேலு, ஒன்னக் கூப்பிடல. பொறவு வா.”

“ஏன் அண்ணாச்சி, அவனுக்கு முன்னால கரையேறுனது நான்லா? நீரு எப்பவும் அவனுக்குத்தான் சாஞ்சு பேசுவீரு!”

“போலே. சொன்னாக் கேளு.”

“கேக்க முடியாது!”

யாராவது ஓடிப்போய் விலக்கமாட்டார்களா என்று பதறினேன். பக்கத்தில் நின்ற அந்தோணியம்மாளோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வேறு.

“இவுகளுக்கு ஆப்பரேசன் ஆனதுலேருந்து ஒருத்தரும் எதுத்துப் பேசல டீச்சர். வாயில்லாத ஆளுன்னு பாவம் பாத்து, எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டுப் போயிருவாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தன் சண்டைக்கு வாரான்.”

சம்மாட்டி கட்டிய கையைப் பிரித்தார். “அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான்லே. பின்னால நில்லு” என்றார் மிக்கேலிடம். வேலை உறுதியானதை வேறு யாரும் எங்களிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காது விவரத்தை எழுதிப் பிறகு ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். “எத்தனை பேஷண்ட்டை வைத்து இந்த முடிவு?” என்று ஒருவர் எழுந்து கேட்டார். ஒருவர் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கூசவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். வந்தவர் என்ன வேலை செய்தார் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், அந்த வேலையை உடம்பால் எப்படிச் செய்தார் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் அறைக்குள் அவர் அழகாகப் பேசிக் காட்டினால் கேஸை முடித்துவிடாதீர்கள். வெளியே ஒருவன் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டும், அதுவரை பொறுங்கள். அன்று திரேஸ்புரம் கரையில் நடந்த சண்டையை மூட்டிவிட்டவள் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.