விலாசம் அக்கா மெஷினுக்கு எழுதிய கடிதம்

இப்போது நான் சொல்லப்போவது நடந்த கதை. ஒரு சொல் பொய் இருந்தால் நான் ஓட்டுகிற லிஃப்ட் நடுவில் நிற்கட்டும். சரி, அது வாரத்தில் இரண்டு நாள் நிற்கத்தான் செய்கிறது. அங்கங்கே கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன், ஆனால் அடிப்படை அசல். இந்த முடிவெட்டும் கடையிலேயே அதற்கு இரண்டு சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்: தையற்காரரும் அவர் மச்சானும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை. அதில் ஒரு ஜன்னல், இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு விலாசம் அக்கா. ஃபோனை அழுத்தி அழுத்தி அவளுடைய இடது காது அப்பளமாகிவிட்டது. இலவசச் செயலிகளைத் திரட்டிப் பட்டியல் போடுகிற அலுவலகம் அது. அவர்கள் எந்தச் செயலியையும் செய்வதில்லை. ஆனால் செயலி படுத்துக்கொண்டால் ஜனங்கள் திட்டுவது அவர்களைத்தான். அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, இன்றைக்கு அந்தச் செயலியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தேடிப் பிடித்து, திட்டினவர்களை அவர்களிடம் சேர்த்துவிடுவதுதான் அக்காவின் வேலை. விலாசம் அக்கா என்ற பெயரே அதனால் வந்ததுதான். லேசான வேலை இல்லை. செய்தவர் என்றைக்கோ விட்டுவிட்டுப் போயிருப்பார், செயலிக்குள் மட்டும் அவர் பெயரே இருக்கும். வீட்டை விற்றவன் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் போன மாதிரி.

ஒரு நாள் காலையில் தையற்காரர் தன் ஏழு வயது மகளையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அந்தக் குட்டிக்குப் பேச்சு வராது. கையில் ஒரு டேப்லெட் இருக்கும். படத்தைத் தொட்டால் அது பேசும். முந்தின நாள் செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டதாம். அதிலிருந்து திறந்த உடனே மூடிக்கொள்கிறது. குட்டி லிஃப்டின் சுவரைக் கையால் குத்திக்கொண்டே வந்தது. லிஃப்டை மூன்றாம் மாடியில் நிறுத்திவிட்டு நானும் அவர்கள் பின்னாலேயே அக்காவின் அறைக்குள் போனேன்.

"பசிக்குதா, வலிக்குதா, ஒண்ணுமே தெரியலம்மா," என்றார் தையற்காரர். "அதுல இருந்த ஆளுக்கு ஒம்பது மெயில் போட்டுட்டேன்."

"அண்ணே, அவரு விட்டுட்டுப் போயி ஏழு வருஷம் ஆச்சு. தொண்ணூறு போட்டாலும் பதில் வராது. உக்காருங்க."

செயலியில் யார் யார் எப்போது கைவைத்தார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதை அக்கா திறந்தாள். ஒரே பெயர் தினமும் வந்தது. அக்கா ஒரு கடிதம் எழுதினாள். இமைப்பதற்குள் நன்றி சொல்லிப் பதில் வந்தது. இன்னொன்று எழுதினாள். அதே வேகம், அதே நன்றி.

"எவ்வளவு மரியாதையான மனுஷன் பாரு!" என்று என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது கடிதத்துக்கும் எழுத்து மாறாமல் அதே பதில் வந்தபோதுதான் விளங்கியது. அது சின்னச் சின்ன மாற்றங்களைத் தானாகப் போட்டுக்கொண்டே இருக்கிற மெஷின்.

"என்னக்கா, மாப்பிள்ளை பாக்கப் போயி ஜவுளிக்கடை பொம்மையைப் பேசி முடிச்சிட்டியே!"

"வாய மூடுறியா, இல்ல லிஃப்டுக்குப் போறியா?"

பிறகு அக்கா அந்தப் பட்டியலை விட்டுவிட்டு, மற்றவர்கள் எழுதிய புகார்களைப் படித்தாள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று யாரோ எழுதியதற்கு, நான்கு நாள் முன்னால் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "பார்க்கிறேன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வருகிறேன்."

"மெஷினு பிள்ளையைத் தூங்கவைக்காது," என்றாள் அக்கா. "ஆளு கிடைச்சாச்சு."

உடனே எழுதிவிடவில்லை. என்ன டேப்லெட், எந்தப் பதிப்பு, எந்த நொடியில் மூடுகிறது என்று தையற்காரரைக் குடைந்து எடுத்தாள்.

"வேலை செய்யலன்னு போட்டா போதாதா?" என்றார் மச்சான்.

"டாக்டர்கிட்ட போயி உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவீங்களா?"

அத்தனையையும் எழுதி அனுப்பினாள். நாற்பது நிமிஷத்தில் பதில் வந்தது. எழுதியவள் எந்தத் தேசமோ, ஒரு நர்ஸ். அவளும் இன்னொருவரும் சம்பளமே இல்லாமல், மிச்ச நேரத்தில் இதைப் பார்த்துக்கொள்கிறார்களாம். புதுப் பதிப்பில் ஒரு படம் கெட்டுப்போயிருக்கிறது, அதுதான் செயலியைக் கவிழ்க்கிறது, பொறுங்கள் என்றாள். சாயங்காலம் நான்கு மணிக்குள் சரிசெய்த பதிப்பு வந்துவிட்டது.

நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாது, பாஷை தெரியாது, இந்தக் குட்டி யாரென்றே தெரியாது. உலகத்தின் எந்த மூலையிலோ ஒருத்தி உட்கார்ந்து இந்தப் பிள்ளையின் தொண்டையைத் திறந்துவிடுகிறாள்! அவளை ஒரு நாளில் துழாவிப் பிடித்தவள் எங்கள் மூன்றாம் மாடியில், காதில் ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாம் மாடிக்காரர்கள் லிஃப்டுக்கு மணி அடித்தே விரல் தேய்ந்திருப்பார்கள். நான் நகரவில்லை.

அக்கா டேப்லெட்டை நீட்டினாள். செயலி திறந்தது. மூடவில்லை. குட்டி எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு விரலை வைத்தது. அறை முழுக்கக் கேட்டது: "அப்பா."

"யோவ், நிறுத்து!" கடை பெஞ்சிலிருந்து மச்சான் எழுந்துவிட்டார். "மொதல்ல மாமான்னுதான் சொல்லிச்சு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"நீ எங்கய்யா நின்ன? வராண்டாவுல ஃபோன் பேசிக்கிட்டிருந்த!" என்றார் தையற்காரர்.

"மாப்ளே, என் தங்கச்சி பொண்ணு விஷயத்துல பொய் சொல்லாதீங்க!"

"பொண்ணு என் பொண்ணுய்யா!"

முடிவெட்டுகிறவர் கத்தரியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார். "அது தண்ணி கேட்டிருக்கும்யா. நாள் பூரா அந்தப் புள்ளைக்கு ஒருத்தராச்சும் தண்ணி குடுத்தீங்களா?"

இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"உன்னைக் கேட்டமா?"