கெட்டவன் முதலில்

பெரியம்மாவுக்கு இரண்டு கால்கள். ஒன்று நல்லவன், மற்றது கெட்டவன். பெயர் வைத்தது நானல்ல, ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ். தேய்ந்த முழங்காலை வெட்டி மாற்றியவர்கள் படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவேண்டும், இறங்கும்போது வெட்டிய காலை. அது மறக்காமலிருக்க, "நல்லவன் மேலே போவான், கெட்டவன் கீழே போவான்" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

நாங்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் கிடையாது, நாற்பத்தெட்டுப் படிகள். யுத்த காலம். பெரியம்மாவின் மகனை, எங்கள் அண்ணாவை, முந்தின வருஷம் ஒரு சுற்றிவளைப்பில் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். பெரியம்மா கம்பியைப் பிடித்துப் பிடித்து முதலாம் மாடிக்கு வருவதற்குள் வாகனம் போய்விட்டது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று அறியவே நாலு நாள். திரும்பி வந்த அண்ணா ஒரு மாதம் யாரோடும் கதைக்கவில்லை.

அதுவரை கத்தி என்றாலே நடுங்கிய பெரியம்மா, தானாகவே போய் டொக்டர் முன்னால் உட்கார்ந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"கால் சரிவந்தா முதல் என்ன செய்யப் போறீங்கள், அம்மா?"

"படி இறங்கவேணும், டொக்டர்."

"ஏறவேண்டாமோ?"

"ஏறுறது மெல்ல ஆறுதலா ஏறலாம்."

டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகத்தான் பெரியம்மாவுக்கு இந்த அவசரம் என்று நினைத்தேன்.

வெட்டிய பிறகு முதல் இரண்டு மாதமும் முழங்காலை மடக்கும்போது துவாயைக் கடித்துக்கொண்டு அழுவார். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து படி வளைவில் நின்று "கெட்டவன் முதல்!" என்று நான் கத்துவேன், அவர் கீழ்ப்படிவார். நாலாம் மாதம் ஊன்றி நடந்த பொல்லைத் தூக்கிப் போட்டார். கதிரையில் கை ஊன்றாமல் எழும்பினார், இரவில் முனகாமல் தூங்கினார், சந்தைக்குப் போய் மீன்காரரோடு சண்டை பிடித்துவிட்டு நிற்காமல் மேலே ஏறி வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் காலையில் மறுபடியும் பொலிஸ் வந்தது. அண்ணாவின் அடையாள அட்டையைப் பார்த்த அதிகாரி, "வாங்க, விசாரிச்சிட்டு விடுறோம்" என்றார். அண்ணாவை நடுவில் விட்டு இறங்கினார்கள். பின்னாலேயே பெரியம்மா. எனக்குப் பழக்க தோஷம். முந்தி ஓடிப் படி வளைவில் நின்று கத்தினேன்:

"கெட்டவன் முதல்! கெட்டவன் இறங்கட்டும்!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். அதிகாரி அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். "யாரு கெட்டவன்?"

அண்ணாவின் முகம் வெளிறிப்போனது. பெரியம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சேலையை முழங்கால் தெரியத் தூக்கினார். ஜிப் வைத்துத் தைத்தது போல நீளத் தழும்பு.

"இவன்தான் சேர் கெட்டவன்."

அதிகாரி குனிந்து பார்த்தார். "எங்க அம்மாவுக்கும் கால் வருத்தம்" என்றார். "இப்ப நல்லமா?"

"முதல் ரெண்டு மாதம் நரகம், சேர். இப்ப பிள்ளைக்குப் பின்னால எங்கையும் போவன்."

கீழே ஜீப் அருகே அதிகாரி, "அம்மா, நீங்க மேலே போங்க" என்றார்.

"இறங்கினா உடன ஏறேலாது, சேர். டொக்டர் சொன்னவர்."

நேற்றுத்தானே நிற்காமல் ஏறினார்! திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். பின்னால் இறங்கி வந்திருந்த என் அம்மாவின் கை வந்து பொத்தியது. அதிகாரி சற்று யோசித்து, ஜீப்பில் அண்ணாவுக்குப் பக்கத்தில் பெரியம்மாவுக்கும் இடம் விட்டார்.

பின்னேரம் இருவரும் நடந்தே வந்தார்கள். விசாரணை முடியும்வரை பெரியம்மா பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தபடி அசையவில்லையாம். நாற்பத்தெட்டுப் படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தவரிடம் கேட்டேன்:

"ஏறேலாது எண்டு பொய் சொன்னனீங்கள், என்ன?"

பெரியம்மா என் தலையைத் தடவினார்.

இரண்டு நாள் அவரோடு நான் கோபம். நான் பயிற்றுவித்த பெரியம்மா எவ்வளவு நன்றாக ஏறுவார் என்பது அந்தப் பொலிஸ்காரருக்குத் தெரியாமலே போய்விட்டது. அன்று எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.