தீ இல்லாத இஞ்சின்

எங்கள் மாமா செய்த ரயில் இஞ்சின் இரண்டரை அடி நீளம். அசலில் ஓர் அடி என்றால் அதில் அரை அங்குலம். ஞாயிற்றுக்கிழமைகளில் விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் சக்கரங்களைக் கயிற்றால் அளந்து வந்து, மூன்று வருஷம் பித்தளையை அறுத்தும் ராவியும் செய்தது. கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நீராவியில் தானே ஓடும். விளக்கை ஏற்றத்தான் சிவகாசியில் இடமில்லை.

மாமாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர் வேலை. அங்கே தீ ஆகாது. வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள், அங்கேயும் ஆகாது. இடப்பக்கத்து வீட்டில் குச்சி, வலப்பக்கத்து வீட்டில் திரி. நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்பிய ஊரில் ஒருவர் நிம்மதியாக ஒரு குச்சி கிழிக்க வேண்டுமென்றால் சுடுகாட்டுக்குத்தான் போகவேண்டும். மாமா போனார். அங்கே இஞ்சின் இரண்டு முறை ஓடியது என்றார். சாட்சி சொல்லத்தான் யாரும் இல்லை.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா விருதுநகரில் ரயில் டிரைவர். பையன் இஞ்சினே செய்திருக்கிறான் என்று அம்மா பெருமையடிக்க, “ஓடுறதா, பொம்மையா? ஓடுறதப் பாத்துட்டு மேக்கொண்டு பேசுவோம்” என்றுவிட்டார். கல்யாண விஷயமாக வருகிறவரைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போக முடியாது. ஆயுத பூசையன்று கம்பெனி ஆபீசில் காட்சிக்கு வைக்க முதலாளி சம்மதித்தார். “இஞ்சின வையி. தீய மட்டும் வச்சிராத.”

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார் மாமா. அம்மா ஒப்பவில்லை.

“ஏலே, டீக்கடைல கொதிக்கக் கொதிக்க வெந்நி வாங்கி ஊத்து. ஓடும்.”

“ஓடாதுக்கா. ஆவிக்கு அழுத்தம் வேணும்.”

“நீ ஊத்துலே.”

அம்மாவின் நம்பிக்கைக்குக் காரணம் நான். இஞ்சினுக்காகப் போட்ட சின்னத் தண்டவாளத்தின் கோடியில் அட்டைப்பெட்டியால் ஒரு குகை. அதற்குப் பின்னால், துணி மறைவில், ஒன்பது வயதில் நான். என் கையில் வெடிச்சரம் பின்னும் நூல்; அதன் மறுமுனை இஞ்சினின் முன்பக்கக் கொக்கியில். மாமாவுக்குத் தெரியாது.

டிரைவர் வந்தார். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குரிய சிரிப்பு அவரிடம் இல்லை. மாமா வெந்நீரை ஊற்றிவிட்டு, இஞ்சின் ஏன் ஓடாது என்று விளக்கத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மா இருமினாள். எனக்கு அதுதான் பச்சைக்கொடி. இழுத்தேன்.

இஞ்சின் நகர்ந்தது. பேயைக் கண்டவர்போல் மாமா இரண்டடி பின்னால் போனார்.

“அக்கா, ஓடுதுக்கா!”

முதலாளி கைதட்டினார். டிரைவர் தட்டவில்லை. கொதிகலன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நேரே குகைக்குப் பின்னால் வந்து துணியை விலக்கினார்.

“ஏத்தா, கை வலிக்குதா?”

“இல்ல தாத்தா. ஒத்த விரல்லயே இழுத்தேன்.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா நூலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கல்யாணம் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

டிரைவர் என்னை எழுப்பிவிட்டு என் முக்காலியில் உட்கார்ந்தார். நூலைச் சுண்டுவிரலில் சுற்றி இழுத்தார். இஞ்சினைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி மறுபடி இழுத்தார். ஏழெட்டுத் தடவை, கண்ணை மூடிக்கொண்டு.

“சக்கரம், பிஸ்டன் அம்புட்டும் சேந்து சுத்துது. எங்கனயும் ஒரு பிடிப்பு இல்ல” என்றார் மாமாவிடம். “என் வண்டிகூட இப்படி வராது மாப்ள. விருதுநகருக்குத் தூக்கிட்டு வாங்க. தீய நான் வைக்கேன்.”

அவர் ‘மாப்ள’ என்றதும் அம்மா சுவரைப் பார்த்தபடியே அழுதாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒற்றை விரலுக்கே இஞ்சின் நகர்ந்தது மாமாவின் மூன்று வருஷ வேலையால் என்பதும் எனக்கு எட்டவில்லை. டிரைவர் சோதித்துப் பார்த்தது என் விரலின் பலத்தை என்றே நம்பினேன். தை மாதம் நடந்த கல்யாணத்தில், எனக்கும் ஒரு மாலை வேண்டும் என்று மணமேடையில் ஏறி உட்கார்ந்த என்னை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.