படலையைப் பூட்ட மறந்த மரம்வெட்டி

மன்னாரில் மரம் வெட்டப் போனால் முதலில் தெருவாசல் படலையைப் பூட்ட வேண்டும். கயிறு, வாள், ஏணி எல்லாம் அதற்குப் பிறகுதான். பச்சைக் கொப்பு ஒன்று சரிந்தால் போதும், தெருவில் நிற்கிற கழுதைகளெல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி உள்ளே வந்து நின்றுவிடும். சொந்தக்காரரையாவது ஒருமாதிரி அனுப்பிவைக்கலாம்.

நாங்கள் மூன்று பேர். கீழே நின்று கயிறு பிடிக்கிறவர் எருக்கலம்பிட்டிக்காரர், வயதில் மூத்தவர், அண்ணன் முறையில் எனக்கு நானா. மிசின் வாளுக்குப் பொறுப்பு இலுப்பைக்கடவைக்காரன், எனக்கு மச்சான். பெண் எடுத்துக் கொடுத்து வந்த முறையில்லை, சும்மா வாயால் வந்த முறை. மரம் ஏறுவதும் படலை பூட்டுவதும் என்னுடைய வேலை. இரண்டில் ஒன்றை ஒழுங்காகச் செய்வேன். எதை என்பது அன்றன்றைக்குத்தான் தெரியவரும்.

அன்றைக்குப் போனது டவுனுக்குள் ஒரு வீட்டுக்கு. சமைக்கிற குசினிக் கூரைக்கு மேலே ஒரு மாமரம் குனிந்து நின்றது. போன கச்சான் காற்றுக்கு அதன் கொப்பொன்று முறிந்து, கூரையின் அஸ்பெஸ்ரஸ் சீற் ஒன்றை உடைத்துப் போட்டதாம். புதுச் சீற் போட்ட கையோடு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய கொப்பு ஒன்று இன்னும் மேலே கிடந்தது.

வீட்டுக்கார அக்கா அகப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தா.

“வடிவாக் கேளுங்கோ தம்பியவை. இந்தமுறை ஒரு சீற் வெடிச்சாலும் மரம் அடியோட போகும்.”

பின்னால் நின்ற அவவின் புருசனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவர் தன் கையால் நட்ட மரம். அதன் நிழலில் அவருடைய கதிரை கிடந்தது. கதிரையின் நான்கு கால்களும் மண்ணுக்குள் புதைந்து, அதுவும் வேர்விட்ட மாதிரித்தான் நின்றது. என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

“தம்பி, என்ர சீவன் உங்கட கையில.”

“இந்தக் கையைப் பாருங்கோ அண்ணை, எங்கையாவது நடுங்குதோ?” என்று நீட்டினேன். நடுங்கியது.

“அது பிளேன்ரீ குடிக்காத நடுக்கம்” என்று நானா காப்பாற்றினார்.

ஏறினேன். மரத்தில் நான் குரங்கு, இறங்கினால்தான் மனுசன் என்று என் மனுசி சொல்லுவா, அதையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான். உச்சிக் கவைக்குள்ளால் கயிற்றை விட்டுக் கொப்பில் கட்டினேன். மறு நுனியை நானா அடிமரத்தில் சுற்றிப் பிடித்தார். அப்படியானால் கொப்பு விழாது, அவர் விடுகிற அளவுக்குத்தான் இறங்கும். அந்த மரத்தில் முசுறு எறும்புகளும் குடியிருந்தன. வாடகை கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக என் காற்சட்டைக்குள் வந்தன.

“என்னடா மேல ஆடுறாய்?” என்றான் மச்சான்.

“முசுறு!”

“அதுகளுக்கும் ஒரு நல்லது கெட்டது பார்க்கத் தெரியேல்ல.”

அவன் கயிற்றில் ஏற்றிவிட்ட மிசினால் அறுத்தேன். கொப்பு கழன்றது. கூரையைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி, முற்றத்துக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கியது. அண்ணை கை தட்டினார். நான் மேலேயிருந்து கும்பிடு போட்டேன்.

நிமிர்ந்தால், படலை ஆவென்று திறந்து கிடக்கிறது. மூன்று கழுதைகள் கொப்புக்குக் கீழே.

“தம்பி, படலை பூட்டினனீயோ?” நானா நிதானமாகத்தான் கேட்டார்.

“பூட்டோணும் எண்டுதான் வந்தனான், நானா.”

பெரிய கழுதை ஒரு வாய் இலையைப் பிடித்து இழுத்தது. கொப்பு கூரைப் பக்கம் ஆடியது. நுனி சீற்றுக்கு ஒரு முழம் கிட்டப் போய்த் திரும்பியது. அண்ணை ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பந்து மறிக்கிறவர் மாதிரிக் குசினிக்கு முன்னால் நின்றார்.

“மிசினை ஸ்டார்ட் பண்ணி வெருட்டட்டோ?” என்றான் மச்சான்.

“வேண்டாம். வாயில இலையோட ஓடினால் கொப்பும் கூடப் போய்க் கூரையிலதான் நிக்கும்” என்றார் நானா. “இறக்கவும் ஏலாது, கழுதையின்ர முதுகிலதான் இருக்கும். நீயாவது இறங்கி வா.”

அங்கேதான் என்னுடைய அடுத்த கெட்டித்தனம். என் இடுப்புக் கயிற்றையும் அதே கவையிலேயே போட்டிருந்தேன். கொப்பின் பாரம் முழுக்க அதை அமத்திக்கொண்டிருந்தது. கொப்பு இறங்கினால்தான் நான் இறங்கலாம்.

“மாதாவே!” என்றேன்.

“மாதாவைப் படலை பூட்டச் சொல்லியிருக்கலாம்” என்றான் மச்சான்.

கழுதை இன்னொரு வாய் இழுத்தது. இந்தமுறை நுனி ஒரு சாணுக்குள் போய் வந்தது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது வாளி ஒன்று தட்டுப்படும் சத்தம். குசினிக்குப் பின்பக்கத்தால் அக்கா வந்தா. வாளி நிறைய மரக்கறித் தோலும் வாழைப்பழத் தோலும். ஒவ்வொரு மத்தியானமும் படலையடியில் அவ கழுதைகளுக்குக் கொடுக்கிற சாப்பாடாம்.

“வாங்கோடா என்ர ராசாக்கள், இண்டைக்கு வெள்ளனக் கிடைக்கப்போகுது.”

காலையிலிருந்து எங்களை வெருட்டிய அதே வாய்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆறு காதுகள் திரும்பின. கழுதைகளில் பெரியவர் இலையைத் துப்பினார். மூவரும் வாளிக்குப் பின்னால் வரிசையாகத் தெருவுக்குப் போனார்கள். அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிவந்து படலையைச் சாத்தினா. நானா கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கொப்பு மண்ணில் படுத்தது.

பிறகு நான் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு. முசுறுக்கு உதறிய உதறலில் ஒரு சப்பாத்துக் கழன்று சீற்றில் ‘டொம்’ என்று விழுந்தது. மச்சான் அண்ணையின் கதிரையில் ஏறி எட்டிப் பார்த்தான்.

“கீறலும் இல்லை, அக்கா.”

“அப்ப… மரம்?” என்றார் அண்ணை.

“மரம் நிக்கட்டும்” என்றா அக்கா. “படலை பூட்டத் தெரியாத ஆளைத்தான் அடியோட தறிக்கோணும்.”

அண்ணை சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கதிரையில் இருத்த வேண்டியதாயிற்று. பிளேன்ரீ ஊற்ற அக்கா உள்ளே போனா. கொப்பின் இலையையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தெருவில் கழுதைகளுக்கு நானே போட்டேன். இந்தமுறை மறக்கவில்லை, படலையை நன்றாக இழுத்துச் சாத்தினேன். உள்ளே கொளுக்கி ‘டக்’ என்று விழுந்தது.

வெளியில் கழுதைகளோடு நின்றபடி, “அக்கா, ஒருக்காத் திறந்துவிடுங்கோ” என்று கூப்பிட்டேன்.