முந்தானையில் முடிந்த சாவி

சமயநல்லூர் தாண்டியதும் ரோட்டில் முழங்காலளவு மழைத்தண்ணீர். மருமகனின் வாடகைக் கார் இருமிவிட்டு நின்றுபோகிறது. இஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கட்டுமென்று காற்றுக் குழாயை அவர்தான் கீழே இறக்கி வைத்திருந்தார். அது தண்ணீரைக் குடித்துவிட்டது.

செல்லூரில் என் தம்பி மகளுக்குத் தாலி கட்டும் நேரம் நெருங்குகிறது. மருமகன் மறுபடி சாவியைத் திருகப் போகிறார்.

தள்ளிவிட வந்த லாரிக்காரர் கத்துகிறார்: "அண்ணே, சாவியத் தொடாதீக! உள்ள தண்ணியோட சுத்துனா ராடு வளைஞ்சு இஞ்சினே போயிரும்."

"எங்க அத்தை இல்லாம அங்க முகூர்த்தமாண்ணே?" என்கிறார் மருமகன்.

"தாலியப் பையன் கட்டிக்கிருவான். நானா கட்டப்போறேன்?" என்கிறேன்.

இந்தக் கார் ஓடினால்தான் என் மகள் வீட்டில் உலை கொதிக்கும். எட்டிச் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொள்கிறேன். மாமியார் முந்தானையில் எந்த மருமகனும் கைவைக்க மாட்டார். மெக்கானிக் வரும்வரை கொஞ்சம் கண்ணை மூடலாம்.