ஆடி மாதத்தில் வந்த கூட்டம்

இன்டர்நெட் புதிதாக வந்த காலம். பினாங்கில் கல்யாண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய எனக்கு ஓர் இளைஞர் இணையப்பக்கம் செய்து தந்தார். இஸ்திரி கலையாத சட்டை போட்டிருப்பார். கணினித் திரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். "ஜனங்க இன்டர்நெட்ல தேடித் தேடி வர்றாங்க அக்கா" என்று, பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களின், வாரந்தோறும் ஏறும் எண்ணிக்கையைக் காட்டுவார். என் தொலைபேசி மட்டும் அடிக்காது.

ஆடியிலும் எண்ணிக்கை ஏறியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆடியில எந்த வீட்டுல கல்யாணப் பேச்சு எடுக்கிறாங்க? யாரு வர்றது, சொல்லுங்க!" என்று கத்தினேன்.

கைக்குட்டையை மடித்தபடி சொன்னார்: "நான்தான்க்கா. பிறை டவுன்ல வேலை முடிஞ்சு வந்து, தினமும் உங்க பக்கத்தத் தொறந்து தொறந்து பார்ப்பேன். ஒருத்தரும் வரலன்னா உங்க மனசு ஒடஞ்சிரும் லா."

வெளியே போகச் சொன்னேன். தன் லாபத்துக்காக ஏமாற்றியிருந்தால்கூட மறந்திருப்பேன். என்மேல் இரக்கப்பட்டாரே, அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.